பள்ளிவாசல் பூட்டிய நாட்களில் மனதைக் காப்பது: வீட்டுக்கும் ஜமாஅத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

கொரோனா பரவிய 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. குவைத்தில் பாங்கு சொன்ன முஅத்தின்கள் 'உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள்' என்று அறிவித்தார்கள். அந்த ஒலிப்பதிவு உலகெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது. கேட்டவர்கள் அழுதார்கள். கியாமத்தின், உலக முடிவின், அடையாளம் என்று அஞ்சியவர்களும் உண்டு. ஆனால் அந்த வாசகம் பழையது. மழையும் சேறுமாக இருந்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) தம் முஅத்தினிடம் இதையே சொல்லச் சொன்னார். மக்கள் திகைத்தபோது, 'என்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார்' என்று நபி (ஸல்) அவர்களைக் குறிப்பிட்டார். புகாரியில் வரும் செய்தி இது.

மழைக்கே தளர்வு தந்த மார்க்கம் இது. தொற்றுநோய்க் காலத்தில் நம் வீடுகளில் மனதை அரித்ததில் நோய்ப் பயம் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி குற்றவுணர்வு: ஜும்ஆ போயிற்று, தராவீஹ் போயிற்று, வாப்பாவின் மையித்தை, இறந்த உடலை, குளிப்பாட்டக்கூட முடியவில்லை, நமக்கு ஈமான் போதவில்லை. இந்த வழிகாட்டி சொல்லப்போவதன் சாரம், ஷரீஅத் தந்த சலுகையை, ருக்ஸத்தை, வேண்டா வெறுப்பாக ஏற்காமல் மருந்தைப் போல அளவறிந்து எடுத்துக்கொள்வது எப்படி என்பதே.

முதலில் குற்றவுணர்வை இறக்குங்கள்

இதைச் செய்யாமல் மற்றதற்குப் போனால் எதுவும் பிடிக்காது. குடும்பமாக ஒரு மாலை உட்கார்ந்து மூன்று செய்திகளைப் பேசுங்கள்.

முதலாவது ஸர்ஃகில் நடந்தது. உமர் (ரலி) ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்ப முடிவெடுத்தார். 'அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?' என்று அபூ உபைதா (ரலி) கேட்க, 'அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கி' என்றார். அம்வாஸ் என்ற அந்தக் கொள்ளைநோயிலேயே அபூ உபைதாவும் முஆத் இப்னு ஜபலும் மௌத்தானார்கள். நோய் வந்தவர் ஈமான் குறைந்தவர் என்றால் இந்தப் பெயர்களை எங்கே வைப்பது?

இரண்டாவது: ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்த அமல்கள் அவனுக்கு எழுதப்படுகின்றன என்ற நபிமொழி. தவறாமல் ஜமாஅத்தோடு தொழுதவர் படுக்கையில் விழுந்தால் அவருடைய கணக்கு நின்றுவிடுவதில்லை. வயதான வாப்பாமார்களுக்கு இந்த ஒரு ஹதீஸைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சலிக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, கொள்ளைநோய் பரவிய ஊரில் பொறுமையோடு தங்கி, அல்லாஹ் எழுதியதன்றி எதுவும் தன்னைத் தீண்டாது என்று நம்பியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்பது. இதன்படி வீட்டில் அடங்கியிருத்தலே ஓர் அமல்.

இந்த இடத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பயந்திருக்கும் ஒருவரிடம் 'தவக்குல் வையுங்கள்', அல்லாஹ்வை நம்பி விடுங்கள், என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. பயத்தோடு வெட்கமும் சேர்ந்து அவர் வாயை மூடிக்கொள்வார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பது நாம் எல்லோரும் ஓதிய பாடம். கட்டுவதற்குக் கயிறு எங்கே என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

வீட்டில் ஒரு தொழுமிடம்

இத்பான் இப்னு மாலிக் (ரலி) பார்வை மங்கியவர். மழை வந்தால் ஓடை பெருகி அவருக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடும். தம் வீட்டில் ஓரிடத்தில் வந்து தொழுது தரும்படியும், அதையே தொழுமிடமாக்கிக்கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அவர்களும் வந்து தொழுதார்கள். பள்ளிக்குப் போக முடியாதவருக்கு வீட்டில் குறிப்பிட்ட இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

ஒரு முசல்லா விரிக்கும் அளவு மூலை போதும். காற்றும் பகல் வெளிச்சமும் வரும் பக்கமாகப் பாருங்கள். அங்கே தொலைக்காட்சி தெரியக் கூடாது, கைப்பேசி மின்னேற்றும் இடமாகவும் இருக்கக் கூடாது. பாங்கு, இகாமத் இரண்டையும் வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்துச் சொல்லட்டும். தகப்பன் இமாமாக நின்றால் ஒரே பையன் அவர் வலப்பக்கம், உம்மாவும் பெண்மக்களும் பின்வரிசை. ஜும்ஆவுக்குப் பதில் ளுஹர் நான்கு ரக்அத். ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் ஜும்ஆவுக்கு 40 பேர் வேண்டும். ஹனஃபியில் இமாமைத் தவிர மூவர் போதும் என்பதால், ஹனஃபி வீடுகள் சிலவற்றில் 'நாமே ஜும்ஆ நடத்தலாமா' என்ற கேள்வி வரும். அதற்கு உங்கள் ஹஜ்ரத், பள்ளியின் ஆலிம், பதில் சொல்லட்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குள் சண்டை மூளக் கூடாது என்பதற்காக இதை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வக்து தொழுகை மனநோய் மருத்துவர்கள் சொல்லும் 'நாள் ஒழுங்கு' என்ற சிகிச்சைக்கு அருகில் வரும் ஒன்று. சோர்வில் விழுந்தவருக்கு நாள் முழுவதும் ஒரே கூழாகக் கலங்கிப் போகும், ஐந்து வக்து அதை ஐந்து கரைகளாகப் பிரித்துத் தருகிறது. ஒவ்வொரு கரையிலும் ஒரு சிறு வேலையைக் கட்டுங்கள்: சுபுஹுக்குப் பிறகு மொட்டைமாடியில் 20 நிமிட நடை, ளுஹருக்குப் பிறகு அரை மணி நேரக் கைலூலா தூக்கம், அஸருக்குப் பிறகு உறவினர் ஒருவருக்குத் தொலைபேசி, மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளோடு ஓதல், இஷாவுக்குப் பிறகு கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது. எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் நிற்கும்.

படபடப்பு வரும்போது

நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், கைகால் மரத்தல். கொரோனாவா, இதய நோயா, பயமா என்று புரியாத நிலை. முதலில் உடலைப் பாருங்கள். ஆக்சிமீட்டர் இருந்தால் விரலில் மாட்டுங்கள், 94க்குக் கீழே காட்டினால் அது மருத்துவமனை வேலை. நெஞ்சு வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலும் அப்படியே. இவை இல்லாமல் 10 முதல் 20 நிமிடத்தில் உச்சம் தொட்டுத் தணிந்தால் அது பீதித் தாக்குதலாக இருக்கக்கூடும். முதல் தடவை வந்தது என்றால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மறுமுறை வந்தால் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுங்கள். வெளிவிடும்போது மனதுக்குள் ஒரு திக்ர், 'லா இலாஹ இல்லல்லாஹ்' இந்த நீளத்துக்குப் பொருந்தி வரும். ஐந்து நிமிடம் போதும். திக்ரை வேகவேகமாக ஆயிரம் எண்ணி முடிக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. மூச்சு வேகமானால் தலைசுற்றலும் விரல்நுனிக் கூச்சமும் கூடும், 'ஓதியும் போகவில்லையே' என்ற புதுப் பயம் சேரும். எண்ணிக்கையை விட்டுவிட்டு நிதானத்தைப் பிடியுங்கள்.

செய்திகளுக்கு ஒரு நாளில் இரண்டு வேளை, வேளைக்கு 15 நிமிடம். இஷாவுக்குப் பின் கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மரணச் செய்தியைப் பகிரும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். ஒரே மௌத்துச் செய்தி ஏழு குழுக்களில் ஏழு தடவை வருவது மனதுக்கு ஏழு மௌத்து மாதிரி.

காலையிலும் மாலையிலும் ஓத, கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் நபிவழி துஆ இருக்கிறது: 'அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல் ஹஸன்' என்று தொடங்குவது. ஹம்மு என்பது வரப்போவதைப் பற்றிய கவலை, ஹஸன் என்பது போனதைப் பற்றிய துக்கம். இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டு அந்த துஆ பிரித்துவைத்திருக்கிறது. உங்களுக்கு இன்று எது கூடுதல் என்று ஓதும்போதே கேட்டுப் பாருங்கள், பாதி முடிச்சு அங்கே அவிழும்.

ஒளுவும் சானிடைசரும்: வஸ்வாஸ் பெருகும் இடம்

கை கழுவு, கழுவு என்று உலகமே சொன்ன காலம், ஏற்கெனவே வஸ்வாஸ், ஓயாத சந்தேகம், உள்ளவர்களுக்குக் கொடுமையான காலம். ஒரு ஒளுவுக்கு அரை மணி நேரம், நிய்யத்தைத் திரும்பத் திரும்பக் கட்டுவது, வெந்து தோலுரிந்த கைகள். இது தக்வா இல்லை. ஓசிடி என்று மருத்துவம் அழைக்கும் நோய், சிகிச்சைக்கு நன்றாக இணங்கும் நோய்.

அளவிலிருந்து தொடங்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள், ஒரு ஸாஉ (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். முத்து என்பது பழைய அரபு அளவை, ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஆகவே குழாயை மூடிவிட்டு முக்கால் லிட்டர் செம்பு அல்லது பாட்டிலில் நீர் பிடித்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் ஒளு முடிந்தது. உறுப்புக்கு மூன்று தடவைதான் உச்சம், அதற்கு மேல் கழுவியவர் வரம்பு மீறினார் என்று அபூதாவூதில் வருகிறது. இப்போது பத்துத் தடவை கழுவுகிறவர் நாளையே மூன்றுக்கு வர முடியாது. இந்த வாரம் எட்டு, அடுத்த வாரம் ஆறு என்று காகிதத்தில் எழுதிக் குறையுங்கள். குறைக்கும் ஒவ்வொரு தடவையும் பதற்றம் ஏறும். அதைக் கழுவித் தீர்க்காமல் பொறுத்திருந்தால் அரை மணி, முக்கால் மணியில் தானாக இறங்கும். இறங்குவதை மூளை கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை.

வீட்டார் செய்யும் தவறு, 'ஒளு கூடிச்சா?' என்ற கேள்விக்கு இருபது தடவை 'கூடிச்சு' என்று பதில் சொல்வது. அன்பால் செய்வதுதான், ஆனால் நோய்க்கு அதுதான் தீனி. ஒருமுறை சொல்லுங்கள். அடுத்த முறை, 'அதுக்குப் பதில் சொல்லியாச்சு, வாங்க தொழுவோம்' என்று எழுந்துவிடுங்கள். உறுதியாக அறிந்தது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. அதை அவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டலாம்.

இன்னொரு வகை வஸ்வாஸ் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. தொழுகையில் அல்லாஹ்வைப் பற்றியே தகாத எண்ணம் பாய்வது. முர்தத் ஆகிவிட்டோமோ, மார்க்கத்தை விட்டு வெளியேறிவிட்டோமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பார்கள். வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று ஸஹாபாக்களே முறையிட்டபோது, 'அதுதான் தெளிவான ஈமான்' என்று பதில் கிடைத்தது, முஸ்லிமில் இருக்கிறது. அந்த எண்ணத்தை வெறுக்கும் மனம் ஈமானுள்ள மனம்தான். எண்ணத்தோடு வாதாட வேண்டாம், வந்தால் வரட்டும் என்று தொழுகையின் அடுத்த ருக்னுக்கு, அடுத்த செயலுக்கு, நகருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் ஓசிடியில் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் 'பயனில்லை' என்று நிறுத்துவதே பலருக்கும் சிகிச்சை தோற்கும் இடம்.

ஆல்கஹால் கலந்த சானிடைசரை மருத்துவத் தேவைக்குப் பூச உலமாக்கள் பரவலாக அனுமதித்தார்கள். கை காய்ந்தபின் தொழலாமா என்பதை ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டு முடித்துவிடுங்கள். ஒருமுறை மட்டும்.

நோன்பும் மாத்திரையும்

2020இன் ரமலான் ஏப்ரல் கடைசியில், முழு ஊரடங்குக்குள் வந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தப் பருவத்தில் நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர் ரமலானுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகளைப் பெரும்பாலும் நோன்பு திறக்கும் நேரத்துக்கோ ஸஹருக்கோ மாற்றிவிடலாம். இரண்டு வேளை மருந்து என்றால், நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கம் தரும் இரவு மருந்தைத் தராவீஹுக்கு முன் போட்டால் தொழுகையில் தள்ளாடும், நள்ளிரவில் போட்டால் ஸஹருக்கு எழ முடியாது. நேரத்தை மருத்துவரே குறிக்கட்டும்.

இருதுருவ மனநோய்க்கு, அதாவது மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் மாறும் நோய்க்கு, தரும் லித்தியம் தனிக் கதை. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். சிகிச்சைக்குரிய அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, நஞ்சாகும் எல்லை அதற்கு மிகத் தொலைவில் இல்லை. மே மாத வெயிலில் நோன்பிருந்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து. கை நடுக்கம் கூடுதல், வாந்தி, நடை தள்ளாடல், நாக்குக் குழறல் இவற்றில் எதைக் கண்டாலும் நோன்பை முறித்து நீர் அருந்தி அன்றே மருத்துவமனை. லித்தியம் எடுப்பவர் நோன்பு வைக்கலாமா என்பது இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே முடிவாக வேண்டும்.

இருதுருவ மனநோய் உள்ளவருக்குப் பசியைவிடத் தூக்கக் குறைவே பெரிய எதிரி. ஊரடங்கு ரமலானில் பல வீடுகளில் விடியவிடிய விழித்து, சுபுஹு தொழுது, ளுஹர் வரை தூங்கும் பழக்கம் வந்தது. சோர்வுள்ளவருக்கு அதனால் காலை வெயில் போயிற்று. இருதுருவ நோயுள்ளவருக்கு இரண்டு மூன்று இரவுகளின் கண்விழிப்பே வெறியெழுச்சியைக் கிளப்பப் போதும். அளவுக்கு மீறிய இபாதத், ஓயாத பேச்சு, 'எனக்கு இல்ஹாம் (இறைச்செய்தி) வருகிறது' என்ற பேச்சு, காசை வாரி இறைத்தல் ஆகியவற்றை வலிமார், இறைநேசர், நிலை என்று எண்ணிக் குடும்பம் காத்திருந்து கெடுத்துக்கொள்வதுண்டு. இத்தகையவருக்கு இரவு பத்து முதல் ஸஹர் வரை தூக்கம் கட்டாயம். தராவீஹ் வீட்டில் எட்டோ இருபதோ, சீக்கிரம் முடியட்டும்.

மருத்துவர் 'வேண்டாம்' என்றால் சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குணமாகக்கூடிய நோயென்றால் பிறகு களா, விட்ட நோன்பை நோற்றல். குணமாக வாய்ப்பில்லாத நோயென்றால் பித்யா, ஈடாக ஏழைக்கு உணவு, ஷாஃபிஈயில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து அரிசி, சுமார் 600 முதல் 750 கிராம். நோன்பில்லாதவரை வீட்டில் ஒளித்துச் சாப்பிட வைக்காதீர்கள். கஞ்சி காய்ச்சும் வேலையை, நோன்பு திறக்கும் விரிப்பை விரிக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். அவர் ரமலானுக்கு வெளியே நிற்கிறார் என்ற உணர்வுதான் பசியைவிட வதைக்கும்.

ஒரு சிறு உபசாரம்: நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்ற பார்லிக் கஞ்சி கொடுக்கும்படி ஆயிஷா (ரலி) சொல்வார்கள், அது நோயாளியின் நெஞ்சை ஆற்றித் துக்கத்தைக் கொஞ்சம் போக்கும் என்ற நபிமொழியைச் சொல்லி. இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவை ஒரு குவளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கிளறி, அரைக் குவளைப் பால் ஊற்றி இறக்குங்கள். சூடு தணிந்ததும் தேன். தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். சாப்பாடு இறங்காதவருக்கு இது இறங்கும்.

மையித்தைத் தொட முடியாத துக்கம்

இந்தப் பகுதியில் நிதானமாக நிற்க வேண்டும். குளிப்பாட்டுதல், கபனிடுதல், தோள் கொடுத்தல், மூன்று பிடி மண் ஆகியவை மையித்துக்கான கடமைகள். அவற்றைச் செய்யும் கைகளுக்கு அவையே ஆறுதலாகவும் இருக்கின்றன. அது பறிபோனால் துக்கம் வெளியேறும் வாசல் அடைபட்டுப் போகிறது.

இலங்கையில் நடந்தது இதிலும் கொடியது. கோவிட்டால் இறந்தவர்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் எரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் ஆணை மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது, 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். 2024இல் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அடக்க முடியாமல் போன குடும்பங்களுக்குள் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: எங்கள் மையித்துக்குக் கப்ர் இல்லையே, கியாமத்தில் என்ன ஆகும்?

அவர்களிடம் சொல்ல ஒரு ஹதீஸ் இருக்கிறது. முற்காலத்தில் ஒருவர், தன்னை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவும்படி தன் மக்களிடம் சொல்லி மௌத்தானார். அல்லாஹ் அந்தச் சாம்பலை ஒன்றுசேர்த்து அவரை எழுப்பி, 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டான். 'உன் அச்சத்தால்' என்றார். மன்னித்தான். தானே கேட்டு எரிக்கப்பட்டவருக்கு இதென்றால், மற்றவர்கள் பலவந்தமாக எரித்தவருக்கு என்ன குறை வரும்? குற்றம் செய்தவர் மையித்தும் இல்லை, குடும்பமும் இல்லை. இதை ஒரு ஆலிம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் படித்தால் ஆறாது.

இனி, மௌத்துச் செய்தி வந்த வீடு செய்ய வேண்டியவை, வரிசையாக.

1. மருத்துவமனையோடு பேச ஒருவரை நியமியுங்கள், கட்டாயமாக மனைவியோ மகளோ இல்லாமல், சற்றுத் தள்ளிய உறவினர். மற்றவர்கள் அழட்டும்.

2. குளிப்பாட்ட முடியாவிட்டால் தயம்மும் (நீருக்குப் பதில் மண்ணால் தூய்மை), அதற்கும் வழியில்லாவிட்டால் இருக்கும் நிலையிலேயே என்பதில் உங்கள் ஹஜ்ரத்தின் தீர்ப்பைக் கேட்டு, அதைக் குடும்பத்துக்கு வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். 'முடிந்ததைச் செய்தாகிவிட்டது' என்ற அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுகளுக்கு உதவும்.

3. முகம் பார்க்க விரும்புகிறவருக்கு வீடியோ அழைப்பில் இரண்டு மூன்று நிமிடம் காட்டச் சொல்லுங்கள். முன்னமே சொல்லிவிடுங்கள்: குழாய் இருக்கும், முகம் வீங்கியிருக்கலாம். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பதிவை யாரும் பகிரக் கூடாது.

4. அடக்கம் செய்யப்போகும் தொண்டர்களிடம் நேரம், கப்ரின் வரிசை எண், தலைமாட்டின் ஒரு படம் இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் பாதுகாப்பு உடையோடு எல்லா மதத்தினரையும் அடக்கியும் எரித்தும் கொடுத்தார்கள். அத்தகையவர்களில் ஒருவர் பிறகு வீட்டுக்குத் தொலைபேசி செய்து 'மரியாதையாக அடக்கினோம்' என்று சொல்வது மருந்து.

5. அடக்கம் நடக்கும் அதே நேரத்தில் வீட்டில் கூடுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸா, மையித்து முன்னால் இல்லாத ஜனாஸாத் தொழுகை, தொழலாம், நஜாஷி மன்னருக்கு நபி (ஸல்) தொழுதது அவர்களுக்குச் சான்று. ஹனஃபி வீடுகளில் துஆவும் குர்ஆன் ஓதலும். எதுவானாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் என்பதே இதன் பலன்.

6. தஃஸியத் (ஆறுதல்) தொலைபேசிகளை மூன்று நாள் ஒருவரே ஏற்கட்டும். 'எப்படித் தொற்றியது?' என்று கேட்பவரை நயமாக நிறுத்துங்கள்.

ஆறாவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 'நான்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து வாப்பாவுக்குக் கொடுத்தேன்' என்ற எண்ணம் பிள்ளைகள் பலரையும் தின்கிறது. தொற்றைத் தெரிந்தே கொடுத்தவர் யாருமில்லை. வீட்டில் யாரேனும் ஒருவர் இதை உரக்கச் சொல்ல வேண்டும், ஒருமுறைக்கு மேல். வயதான உம்மாவிடம் மகனின் மௌத்தை மறைப்பதும் வேண்டாம். மறைத்து வைத்த வாரங்களில் அவர் வீட்டாரின் முகங்களைப் படித்துக்கொண்டேதான் இருப்பார். தெரிந்தபின் துக்கத்தோடு நம்பிக்கையும் உடையும்.

அழக் கூடாது என்று யாராவது சொன்னால், மகன் இப்ராஹீமின் மௌத்தில் நபி (ஸல்) அவர்களின் கண் கலங்கியதையும், 'கண் நீர் சிந்துகிறது, உள்ளம் துயரப்படுகிறது' என்று சொன்னதையும் நினைவூட்டுங்கள். யஃகூப் (அலை) அழுது கண் வெளுத்தார்கள் என்று குர்ஆனே சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் முதல் வாரம் போலவே இருந்து, சமையலோ வேலையோ தொழுகையோ நடக்கவில்லை என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய துக்கம்.

இத்தா, கணவன் இறந்தபின் காத்திருக்கும் காலம், இருக்கும் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு வீட்டுக்குள். கணவனை இழந்து, தானும் தொற்றிலிருந்து எழுந்து, யாரும் வந்து பார்க்காத நிலையில் இது தனிச்சிறையாக மாறும். இத்தாவில் மருத்துவரைப் பார்க்கப் போகலாம், தேவைக்கு வெளியே போகலாம், தொலைபேசியில் பேசலாம். பெண்கள் மூவர் முறைவைத்துத் தினமும் ஒருவர் அவரை அழையுங்கள். வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று, வீட்டு வாடகை ஆகியவற்றை யார் பார்ப்பது என்பதை முதல் வாரமே முடிவு செய்து அவரிடம் சொல்லுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி இந்தக் கவலைதான்.

பழி சுமத்தப்படும்போது

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒரு சமுதாயத்தின் பெயரே நோயின் பெயரானது. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. ஆனால் காய்கறி வண்டிக்காரரை விரட்டிய தெரு தீர்ப்பைப் படிப்பதில்லை.

வெறுப்புக் காணொளிகளைக் கண்டிப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைதான் அதை முதலில் பார்க்கும். புகார் கொடுக்க வேண்டியதைத் தேதி, நேரத்தோடு திரைப்பிடிப்பு எடுத்து ஜமாஅத்தின் வழக்கறிஞர் ஒருவரிடம் சேருங்கள், பிறகு கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். பிள்ளை அவமானப்பட்டு வந்தால் முதலில் முழுவதும் கேளுங்கள். 'அப்படிச் சொன்னது தப்பு. உன் மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். 'நாமும் கவனமாக இருந்திருக்கலாம்' என்று அந்த நேரத்தில் சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டு இந்து அக்கா கொடுத்தனுப்பிய குழம்பையும் அதே நாளில் நினைவூட்டுங்கள். அதுவும் உண்மைதானே.

ஜமாஅத் செய்யும் தொலைபேசி வேலை

நம் ஜமாஅத்களிடம் அரசிடம்கூட இல்லாத ஒன்று இருக்கிறது: தலைக்கட்டுப் பட்டியல், அதாவது ஜமாஅத்தில் உள்ள குடும்பங்களின் பட்டியல். 300 தலைக்கட்டு என்றால் 12 தொண்டர்கள், ஆளுக்கு 25 வீடு. பாதிப் பேர் பெண்களாக, ஆலிமாக்களும் ஆசிரியைகளுமாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஐந்து நிமிடம், ஆகத் தொண்டருக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தனியே வாழும் முதியவர், இத்தாவில் இருப்பவர், பிரசவித்தவர், மாத்திரை எடுப்பவர், கணவன் வெளிநாட்டில் சிக்கியவர் என்றால் வாரம் மூன்று தடவை.

கேட்க வேண்டியவை நான்குதான்: ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா? மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கு? மனசுக்கு எது பாரமா இருக்கு? நான்காவதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தொண்டர்கள் தோற்பது இங்கேதான், மௌனத்தைப் பொறுக்க முடியாமல் பயான் தொடங்கிவிடுவார்கள். 'ஸபுர் செய்ங்க' என்பதை அழைப்பின் கடைசி நிமிடம் வரை வைத்திருங்கள். பேசுவதை ஒலிபெருக்கியில் போடக் கூடாது. நோட்டில் வீட்டு எண் மட்டும், பெயர் வேண்டாம். ஒருவர் சொன்ன மனபாரம் மறுநாள் தெருவில் பேச்சானால் அந்த மஹல்லாவில் அதன்பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஜகாத், பைத்துல்மால் பட்டியலில் அரிசி, வாடகையோடு மாத்திரைச் சீட்டையும் சேருங்கள். மனநல மாத்திரை தீர்ந்துபோய் நோய் திரும்பியவர்கள், காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள். மையித்து அடக்கும் இளைஞர்களையும் மறக்க வேண்டாம். ஒருவரை அடுத்தடுத்து அனுப்பாமல் முறைவைத்து, ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, மூத்தவர் ஒருவர் அவரோடு கால் மணி நேரம் உட்காரட்டும்.

எப்போது மருத்துவர், எப்போது ஓதிப் பார்ப்பது

இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். மருந்தில்லாமல் நம்பிக்கையை மட்டும் வைத்து வியாபாரம் செய்த விடுதியில் நடந்தது அது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் தவாவும் (மருந்தும்) துஆவும் ஒன்றாகக் கிடைக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. நம் முன்னோருக்கு இது புதிதில்லை. 10ஆம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி, உடலுக்கு மருந்து சேமித்து வைப்பதுபோல நல்ல நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். கெய்ரோவில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மன்ஸூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது.

சோர்வோ எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். காதில் குரல் கேட்டால், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்பினால், மூன்று இரவு தூங்காமல் உற்சாகமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஜின் என்று சந்தேகப்பட்டாலும் மருத்துவர் பார்த்த பிறகு ஓதுங்கள். ஓதுபவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், கட்டிப்போட்டால், பெண்ணைத் தனியறைக்குக் கேட்டால் அன்றோடு அவர் உறவை முறியுங்கள்.

'வாழப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் ஹராம் என்று தொடங்காதீர்கள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். 'சாகணும்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வழி யோசித்திருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைக் குவியல், கயிறு எல்லாவற்றையும் அகற்றுங்கள். அழைக்க வேண்டிய உதவி எண்கள்: இந்தியாவில் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 அல்லது 1333. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட்டு, அதற்காகத் தண்டிக்கப்படுவதில்லை. போலீசுக்கு அஞ்சி மருத்துவமனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆபத்து தணிந்து அமைதியான பிறகு, மௌத்தை ஆசைப்படாமல் 'வாழ்வு எனக்கு நல்லதாயிருக்கும் வரை வாழவை' என்று கேட்கக் கற்றுத்தந்த நபிவழி துஆவை அவரோடு சேர்ந்து ஓதுங்கள்.

பள்ளி திறந்த பிறகு

தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 அன்று வழிபாட்டுத் தலங்கள் திறந்தபோது எல்லோரும் ஓடி வரவில்லை. கூட்டத்தைக் கண்டால் நடுங்குபவர்கள், வழக்கமாகப் பக்கத்தில் நிற்பவர் இப்போது இல்லாததால் வர முடியாதவர்கள் இருந்தார்கள். அத்தகையவரை முதல் வாரம் கூட்டமில்லாத ளுஹருக்கு, துணைக்கு ஒருவரோடு, கடைசி வரிசையில் கதவருகே நிற்க அழையுங்கள். ஜும்ஆ மூன்றாம் நான்காம் வாரம். வராதவரை மிம்பரில் இருந்து குறை சொல்லாதீர்கள்.

தொலைபேசி நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மௌத்தான வீடுகளின் எண்களை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதி, மௌத்து நாளின் தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தத் தேதியிலும், முதல் ரமலானின் முதல் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், பெருநாள் காலையிலும் அந்த எண்களுக்கு ஒரு அழைப்பு போக வேண்டும்.